இருக்கறது 30 இடம்... எதுக்கு 3 லட்சம் வியூஸ்? டே கேர் ரீல்ஸ் போடறவங்க கவனத்துக்கு!

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பஸ் ஸ்டாண்டு, பைபாஸ் ஓரம், டவுன் பஸ்ஸின் பின்பக்கம் என்று எங்கே பார்த்தாலும் சிரித்த முகங்கள் முளைத்துவிடும். முகத்துக்குக் கீழே மார்க், மார்க்குக்குக் கீழே பள்ளியின் பெயர், அதற்கும் கீழே போன் நம்பர். 2017-ல் தமிழக அரசு ரேங்க் பட்டியல் அறிவிப்பதையே நிறுத்தியது. ஆனால், 'மாணவரின் முகமே பள்ளியின் விளம்பரம்' என்ற பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தப் பழக்கம் இப்போது போனுக்குள் வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம். ஃப்ளெக்ஸில் சிரித்த முகத்துக்கு 17 வயது. ரீல்ஸில் சிரிக்கும் முகத்துக்கு 2 வயது.

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் தெரியும். முதல் நாள் டே கேருக்கு வந்து அழும் குழந்தை, சாப்பிடும்போதே தூங்கி விழும் குழந்தை, மிஸ் சொல்லிக்கொடுத்த ஸ்டெப்பைத் தப்பாக ஆடும் குழந்தை. கடைசியில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று ஒரு வரி. நாமும் சிரித்துக்கொண்டே ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுகிறோம்.

டே கேர் நடத்துகிறவர்கள் விளம்பரமே செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால், எதைக் காட்டினால் அட்மிஷன் வரும், எதைக் காட்டினால் வெறும் வியூஸ் மட்டும் வரும் என்று தெரிந்து செய்வது நல்லது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தேவை இருக்கு... ஆனா தெரியறதில்ல!

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், ஆஸ்பத்திரிகள், தனியார் பள்ளிகள் என்று பெண்கள் வேலை பார்க்கும் இடங்கள் ஏராளம். பாட்டி வீட்டில் இருந்தால் பிரச்னை இல்லை. பாட்டியே வேலைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வது?

அரசின் பக்கம் அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் அதிகமான மையங்கள் இயங்குகின்றன. ஆனால், அங்கன்வாடி மூடும் நேரமும் அம்மாவின் வேலை முடியும் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு பயன்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. நம் ஊர்த் தறிக்கூடங்களிலும் பட்டறைகளிலும் நிறைய இடங்களில் அத்தனை பேர் இருப்பதே இல்லை.

இந்த இடைவெளியில்தான் சின்னச் சின்ன டே கேர்கள் வருகின்றன. வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை, ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. நடத்துவதும் பெரும்பாலும் பெண்கள்தான். பெரிய நகரத்து ஃப்ரான்சைஸ் கிளைகள் மாதிரி பேப்பர் விளம்பரம், ஹோர்டிங் எல்லாம் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கையில் இருப்பது ஒரு போன்.

2020 ஜூன் 29-ல் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. காசு செலவழிக்காமல் ஊருக்குத் தெரிய ஒரு வழி கிடைத்தது. அதைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது.

வியூஸ் வேற, அட்மிஷன் வேற!

ரீல்ஸ் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ரீல்ஸ் அப்படி இல்லை. உங்களை ஃபாலோ செய்யாதவர்களிடம்தான் அது அதிகம் போகும். பார்த்தவர்கள் கடைசி வரை பார்த்தார்களா, நண்பருக்கு அனுப்பினார்களா என்று பார்த்து இன்னும் நிறைய பேருக்குத் தள்ளிவிடும். அந்த 'நிறைய பேர்' சேலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அஸ்தம்பட்டியில் ஒரு டே கேர். மொத்தம் 30 குழந்தைகளுக்கு இடம். அதில் 10 இடம் காலி. அழும் குழந்தையின் ரீல் ஒன்று 3 லட்சம் வியூஸ் போகிறது. பார்த்தவர்கள் திருநெல்வேலியிலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் யார் குழந்தையை அஸ்தம்பட்டிக்கு அழைத்து வரப்போகிறார்கள்?

டே கேர் என்பது பிரியாணிக் கடை இல்லை. 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து டேஸ்ட் பார்த்துவிட்டுப் போக முடியாது. தினமும் காலையில் விட்டு, மாலையில் கூட்டிப்போக வேண்டும். வீட்டுக்கோ வேலைக்குப் போகும் வழிக்கோ பக்கத்தில் இருந்தால்தான் சரிவரும். ஆக, உங்களுக்குத் தேவை 3 லட்சம் பேர் இல்லை. 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் 10 குடும்பங்கள்.

அந்த 10 குடும்பங்களும் ரீலில் தேடுவது குழந்தையின் க்யூட்னஸை அல்ல. க்யூட்டான குழந்தை அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. 'என் புள்ளைய யார் பாத்துக்குவாங்க? அழுதா என்ன பண்ணுவாங்க? கேட்ல யாரு நிக்கறாங்க? சாப்பாடு எங்க செய்யறாங்க?' இதுதான் அவர்கள் மனதில் ஓடும் கேள்விகள். இதற்கெல்லாம் பதில் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அப்படியானால் கேமரா திரும்ப வேண்டியதும் பெரியவர்கள் பக்கம்தான்.

அந்த முகத்தை வேற யாரெல்லாம் பாக்கறாங்க?

வைரல் ஆவதால் அட்மிஷன் வராது, சரி. நஷ்டம் ஏதாவது உண்டா? உண்டு. அந்த நஷ்டம் டே கேருக்கு அல்ல, குழந்தைக்கு.

2025 ஜூலையில் மெட்டா நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காட்டும், பெரியவர்களால் நடத்தப்படும் இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்குப் போய், ஆபாசமாக கமென்ட் போட்ட அல்லது ஆபாசப் படங்கள் கேட்ட சுமார் 1,35,000 கணக்குகளை நீக்கியதாகச் சொன்னது. கவனியுங்கள், அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை குழந்தையின் அம்மாவோ அப்பாவோ நல்லெண்ணத்துடன் நடத்துபவை. யூடியூபும் இதே காரணத்துக்காக 2019 பிப்ரவரியில் சிறுவர், சிறுமியர் இருக்கும் கோடிக்கணக்கான வீடியோக்களில் கமென்ட் வசதியை நிறுத்தியது.

டே கேர் ரீலில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. யூனிஃபார்மில் சென்டரின் பெயர், பையில் குழந்தையின் பெயர், வீடியோவில் லொகேஷன் டேக், சுவர்க் கடிகாரத்தில் நேரம். நான்கையும் சேர்த்துப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவருக்கு 'இந்தக் குழந்தை, இந்தப் பெயர், இந்த நேரத்தில், இந்த இடத்தில் இருக்கும்' என்று நாமே முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது. 2023-ல் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் ஒரு விழிப்புணர்வு விளம்பரம் எடுத்தது. 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தை வைத்து, ஏ.ஐ. மூலம் அவளை வளர்ந்த பெண்ணாக மாற்றி, தியேட்டர் திரையில் தன் பெற்றோரிடம் பேச வைத்தார்கள். 'நீங்கள் போட்ட படங்களை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியும் தெரியுமா?' என்பதுதான் அவள் பேச்சின் சாரம். இன்றைக்கு அந்த மாதிரி வேலையைச் செய்ய பெரிய நிறுவனம் தேவையில்லை, ஒரு ஆப் போதும்.

ப்ளஸ் டூ ஃப்ளெக்ஸ் சில மாதத்தில் கிழிந்துவிடும். யாராவது டவுன்லோடு செய்துவிட்ட ரீல் கிழியாது. ஃப்ளெக்ஸில் நின்ற 17 வயதுப் பையனுக்குத் தன் போட்டோ எங்கே போகிறது என்று தெரியும். முதல் நாள் அம்மாவைத் தேடி அழுகிற 2 வயதுக் குழந்தைக்கு அது தன் வாழ்க்கையின் பெரிய துக்கம். பார்க்கிற நமக்கு அது 15 செகண்ட் காமெடி.

பிரியாணி கேட்ட குட்டிப் பையன்

'அப்போ குழந்தை வீடியோவே ஆபத்தா?' என்று கேட்டால், அப்படி ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. 2025 தொடக்கத்தில் கேரளாவின் ஆலப்புழா மாவட்டத்தில் ஓர் அங்கன்வாடிக் குழந்தை, 'உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரிச்ச கோழியும் வேணும்' என்று மழலையில் கேட்ட வீடியோவை அவன் அம்மா இன்ஸ்டாகிராமில் போட்டார். மாநிலமே பார்த்துச் சிரித்தது. சிரிப்போடு முடியவில்லை. அமைச்சர் வீணா ஜார்ஜ் பதில் சொன்னார். அந்த ஆண்டு ஜூனில் கேரள அங்கன்வாடிகளின் சாப்பாட்டு அட்டவணையே மாறியது, முட்டை பிரியாணி சேர்ந்தது.

ஒரு சின்ன வீடியோவால் இத்தனை குழந்தைகளின் தட்டு மாறியது உண்மையிலேயே சந்தோஷமான விஷயம்தான். ஆனால், அதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வீடியோவைப் போட்டது அவன் அம்மா, அங்கன்வாடி அல்ல. அவன் அழவில்லை, தன் ஆசையைச் சொன்னான். யாரும் அதை வைத்து எதையும் விற்கவில்லை. ஒரு டே கேர் அதே மாதிரி ரீலை அட்மிஷனுக்காகப் போடும்போது இந்த மூன்றுமே தலைகீழாக மாறிவிடுகின்றன.

சட்டம் என்ன சொல்லுது?

வீட்டில் அம்மா எடுக்கும் போட்டோவுக்கும் நிறுவனம் எடுக்கும் போட்டோவுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது சட்டத்திலும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தொழில் நடத்துபவருக்குப் பொருந்தும்.

டே கேர் நடத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள். அவர்கள் சம்பந்தப்பட்ட தரவைப் பயன்படுத்த, சரிபார்க்கக்கூடிய வகையில் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அடையாளம் தெரிகிற போட்டோவும் வீடியோவும் தரவுதான்.

சம்மதம் கட்டாயத்தில் வாங்கியதாக இருக்கக் கூடாது. எதற்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். 'கையெழுத்துப் போட்டாத்தான் அட்மிஷன்' என்றால் அது சம்மதமே இல்லை. அட்மிஷன் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டு 'நீங்கதான் சைன் பண்ணீங்களே' என்று சொல்வது இனி எடுபடாது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் கேட்டு வாங்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தமிழும் அதில் ஒன்று.

கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். தெருமுனை டே கேருக்கு 200 கோடி போட்டுவிடுவார்கள் என்று யாரும் பயப்பட வேண்டாம், அது உச்ச வரம்பு. ஆனால், சட்டம் இதை எவ்வளவு சீரியஸாகப் பார்க்கிறது என்பதை அந்தத் தொகை சொல்கிறது.

விதிகளில் குழந்தைகள் காப்பகங்களுக்கு ஒரு விலக்கும் இருக்கிறது. குழந்தையின் பாதுகாப்புக்காகக் கண்காணிக்கலாம். சிசிடிவி வைப்பது அந்த வகை. ஆனால், பாதுகாப்புக்காக எடுத்த சிசிடிவி காட்சியை வெட்டி, பாட்டுப் போட்டு ரீல் ஆக்குவது அந்த விலக்கில் வராது.

முகம் இல்லாம ரீல் எடுக்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால், பக்கத்துத் தெரு அம்மாவை உங்கள் கேட் வரைக்கும் கூட்டிவருவது அந்த மாதிரி ரீல்கள்தான். சில ஐடியாக்கள்:

கேட் ரீல்: மாலையில் குழந்தையைக் கூட்டிப்போக அப்பாவுக்குப் பதில் மாமா வந்தால் என்ன செய்வீர்கள்? அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்பது, நோட்டில் கையெழுத்து வாங்குவது என்று மிஸ்ஸே 20 செகண்டில் செய்து காட்டலாம். பெற்றோரின் மிகப் பெரிய பயத்துக்கு நேரடியான பதில் இது.

சமையலறை ரீல்: காலை 9 மணிக்கு அடுப்பு, பாத்திரம், தண்ணீர் ஃபில்டர், ஆயாம்மா கை கழுவுவது. ராகிக் கூழ், பருப்புச் சாதம், நாமக்கல் முட்டை என்று வாரம் முழுக்க என்ன சாப்பாடு என்பதை எழுத்தில் ஓட விடலாம்.

கை ரீல்: மாவு பிசையும் குட்டிக் கைகள், வண்ணம் தோய்த்த விரல்கள், வரிசையாக விட்ட செருப்புகள். முகமே தேவையில்லை, அழகு அப்படியே இருக்கும்.

மிஸ் பேசும் ரீல்: 'முதல் வாரம் ஏன் அழறாங்க? நாங்க என்ன பண்ணுவோம்?' அழும் குழந்தையைக் காட்டுவதைவிட, அழுகையை எப்படிச் சமாளிப்போம் என்று ஒரு மிஸ் நிதானமாகச் சொல்வதில்தான் நம்பிக்கை வரும். முழு திராட்சை, முழு வேர்க்கடலை ஏன் சின்னக் குழந்தைக்கு ஆபத்து, டிபன் பாக்ஸில் என்ன வைக்கலாம் என்று சொன்னால் அம்மாக்கள் அதை சேவ் செய்து வைத்துக்கொள்வார்கள். சேவ் செய்த ரீல் அவர்களுடைய குரூப்புகளுக்கும் போகும்.

பாட்டி ரீல்: பேரனை விட வரும் பாட்டியிடம், அவர் விருப்பப்பட்டால், ஒரு கேள்வி கேட்கலாம். 'ஏன் பாட்டி இங்க விடறீங்க?' வயது வந்தவர் தன் முகத்தையும் பேச்சையும் தானே முடிவு செய்து கொடுக்கிறார். அதில் சங்கடம் இல்லை.

எடுக்கவே கூடாதவையும் உண்டு. குளிப்பது, உடை மாற்றுவது, பாட்டி ட்ரெய்னிங், அழுகை, அடம், தண்டனை, நோய். அவை எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும், எவ்வளவு வியூஸ் போகும் என்று தெரிந்தாலும் வேண்டாம். அன்றைய வீடியோவை அன்றைக்கே, அதுவும் குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே போட வேண்டாம். லைவ் வேண்டவே வேண்டாம்.

ஆண்டு விழா வந்தால் ஒரு சிக்கல் வரும். 'எங்க பாப்பா வீடியோல வேண்டாம் மிஸ்' என்று ஒரு அம்மா சொல்லியிருப்பார். அதற்காக அந்தப் பாப்பாவை மேடையின் ஓரத்தில் நிற்க வைத்துவிடக் கூடாது. குழந்தைக்கு அது புரியாது, வலிக்க மட்டும் செய்யும். மேடைக்குப் பின்னாலிருந்து, குழந்தைகளின் முதுகும் எதிரே கைதட்டும் பெற்றோரும் தெரிகிற மாதிரி எடுத்தால் ஒரு பாப்பாவையும் ஒதுக்க வேண்டியதில்லை. முன்பக்கம் எடுத்த வீடியோ பெற்றோருக்கு மட்டும் போகட்டும்.

யாரோட போன்ல எடுக்கறீங்க?

இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. வேலைக்கு வரும் மிஸ் தன் சொந்த போனில் எடுக்கிறார். எடிட் செய்ய தம்பிக்கு அனுப்புகிறார். கேலரியில் கிடக்கிறது, கிளவுடில் ஏறுகிறது. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் 30 குழந்தைகளின் வீடியோ அவர் போனில்தான் இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையில் மழலையர் மையங்களுக்கென்றே ஒரு தேசிய மாதிரி நடத்தை விதி வந்தது. மையத்துக்குச் சொந்தமான கருவியில் மட்டும்தான் குழந்தைகளைப் படமெடுக்கலாம், குழந்தைகளோடு இருக்கும் நேரத்தில் ஊழியர்கள் தங்கள் சொந்த போனை வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் இதைப் பின்பற்ற பெரிய செலவு இல்லை. சென்டருக்கென்று ஒரு சாதாரண போன், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, மாதா மாதம் பழைய வீடியோக்களை அழிப்பது. அவ்வளவுதான். இதையே ஒரு ரீலாகப் போட்டுப் பாருங்கள். 'எங்க மிஸ் யாரும் சொந்த போன்ல குழந்தைங்கள எடுக்க மாட்டாங்க' என்ற ஒரு வரி, எந்த டான்ஸ் ரீலையும்விட அதிக நம்பிக்கையைக் கொடுக்கும்.

பாட்டு, காசு, பூஸ்ட்

சில நடைமுறை விஷயங்கள். தொழில் கணக்கு வைத்திருந்தால் இன்ஸ்டாகிராமில் எல்லா சினிமாப் பாட்டும் கிடைக்காது. காரணம் காப்புரிமை. விளம்பரத்துக்கு சினிமாப் பாட்டைப் போட்டால் வீடியோவின் சத்தம் நிறுத்தப்படலாம், நீக்கவும் படலாம். மெட்டாவின் இலவச இசைத் தொகுப்பு இருக்கிறது. அதைவிட நல்லது மிஸ்ஸின் குரல்தான். பலர் சத்தம் இல்லாமல் பார்ப்பதால், தமிழில் சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள்.

ஊர் இன்ஃப்ளூயன்சரைக் கூப்பிட்டு ரீல் போடச் சொல்வது இப்போது சேலத்திலும் சகஜம். காசு கொடுத்தோ, இலவசமாகச் சேர்த்துக்கொண்டோ போட வைத்தால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர கவுன்சில் 2021-லிருந்தே இதை வலியுறுத்துகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த இன்ஃப்ளூயன்சர் கேமராவோடு குழந்தைகள் அறைக்குள் போவதற்கு உங்கள் சம்மதம் மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் வைரலுக்குப் பின்னால் ஓடுவதைவிட பூஸ்ட் செய்வது மேல். உங்கள் சென்டரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இந்த வயதுப் பெரியவர்கள் என்று தேர்ந்தெடுக்க முடியும். அதோடு கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவு செய்து, நேரம், போன் நம்பர், 30 செகண்டுக்குள் ஒரு வீடியோ போட்டுவையுங்கள். 'பக்கத்தில் டே கேர்' என்று தேடுகிறவர் அப்போதே குழந்தையைச் சேர்க்கும் யோசனையில் இருப்பவர். ரீல் ஸ்க்ரோல் செய்கிறவர் அப்படி இல்லை.

பெத்தவங்க என்ன கேக்கணும்?

ரீல் என்பது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அல்ல. நல்ல லைட்டிங்கில் எந்த அறையும் நன்றாகத்தான் இருக்கும். ரீலைப் பார்த்துப் பிடித்திருந்தால் நேரில் போங்கள். காலை 10 மணிக்கு எல்லா டே கேரும் சுத்தமாக இருக்கும். மதியம் 3 மணிக்கு, குழந்தைகள் தூங்கி எழுந்து சிணுங்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். எத்தனை குழந்தைக்கு எத்தனை பெரியவர்கள், கழிப்பறை எப்படி இருக்கிறது, கேட் பூட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015-ல் விதிமுறைகள் வந்தன. அதன்படி அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

வீடியோ பற்றி நான்கு கேள்விகள் போதும்:

'என் குழந்தைய வீடியோ எடுப்பீங்களா? அது எங்க போகும், பெத்தவங்க குரூப்புக்கா, இன்ஸ்டாகிராமுக்கா?'

'குரூப்புக்கு மட்டும் சரி, இன்ஸ்டாவுக்கு வேண்டாம்னு தனித்தனியா சொல்ல முடியுமா?'

'யாரோட போன்ல எடுப்பீங்க?'

'வேண்டாம்னு பின்னாடி சொன்னா எத்தன நாள்ல எடுத்துடுவீங்க?'

இதைக் கேட்டதும் 'எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்களே, நீங்க மட்டும் ஏங்க இப்படி?' என்று முகம் மாறினால், அதுவும் ஒரு பதில்தான். 'நல்லாக் கேட்டீங்க, உக்காருங்க' என்று ஒரு தாளை எடுத்து நீட்டினால், அந்த இடத்தை நம்பலாமா என்று யோசிக்க உங்களுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது.

டே கேர் நடத்துகிறவர்களுக்கு இந்த நான்கு கேள்விகளே ஒரு தயார் நிலை விண்ணப்பம். இவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம் போட்டு, அட்மிஷன் ஃபாரத்திலிருந்து தனியாகக் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். குழந்தை உங்கள் சென்டரை விட்டுப் போகும்போது அதன் வீடியோவும் உங்கள் பக்கத்திலிருந்து போகட்டும்.

எல்லாம் சரி, எடுத்த ரீல் செம க்யூட்டாக வந்திருக்கிறது, போடாமல் இருக்க மனசு வரவில்லை என்றால், பெற்றோருக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள். அதை ரசிக்க முதல் உரிமை அவர்களுக்குத்தான். 'இன்னிக்கு உங்க தம்பி முதல் தடவையா தானே சாப்பிட்டான்' என்று மதியம் 1 மணிக்குத் தறியில் நிற்கும் ஒரு அம்மாவுக்கு வரும் 10 செகண்ட் வீடியோவுக்கு ஒரே ஒரு வியூதான் கிடைக்கும். சாயந்திரம் அவர் பக்கத்துத் தறியில் நிற்கும் அக்காவிடம் சொல்லப்போவது அதைப் பற்றித்தான். சேலத்திலும் நாமக்கல்லிலும் டே கேர்களுக்கு இன்றைக்கும் பாதி அட்மிஷன் அந்த மாதிரிப் பேச்சில்தான் வருகிறது என்று சொன்னால், அதை நடத்துகிறவர்களே மறுக்க மாட்டார்கள்.